நுனி குறைந்த படகுக் கல்

அத்தியாயம் பத்தொன்பது

போன வாரம் சித்தி கடை வாசலில் நின்று, படியேறாமலேயே சேதி சொல்லிவிட்டுப் போனாள் அல்லவா? "உங்க சித்தப்பாவுக்குப் புதன்கிழமை நாலு மணிக்கு ஆபரேஷன். நெஞ்சைத் திறக்கறாங்க. சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்." பதினாலு வருஷம் கழித்து அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் பேச்சு அதுதான். கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பா அதைக் கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

இன்று அந்தப் புதன்கிழமை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்கு இரண்டு வரி. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஆரம்பித்த வைர நகைக் கடை இது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மாளின் மோதிரத்தில் கல் மாறிப் போய்விட்டதென்று புகார் வந்தது. மோதிரத்தைக் கடைசியாகக் கையில் வைத்திருந்து, கொண்டுபோய்க் கொடுத்தவர் சித்தப்பா. அன்றைக்கு வெளியே போனவர் அப்புறம் இந்தத் தெரு முனைக்குக்கூட வந்ததில்லை. வைரத் தொழிலில் ஒருவன் மேல் 'கல் மாற்றினவன்' என்று பேர் விழுந்துவிட்டால், அப்புறம் அவன் கையில் ஒரு கண்ணாடித் துண்டைக்கூட யாரும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். கைதேர்ந்த அந்த மனுஷன் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

மூத்தவள் ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தாள். இந்த வீட்டின் மூத்த மகளுக்கு இப்போது முப்பத்தாறு வயது. கல்லைப் பார்த்துத் தரம் சொல்வது அவள் வேலை. அவள் கண்ணுக்கு இந்தத் தெருவில் தனி மரியாதை உண்டு. எதிர்க்கடைக்காரர்களே சந்தேகம் வந்தால் கல்லைப் பொட்டலம் கட்டி இங்கேதான் அனுப்புவார்கள்.

பத்தரைக்கு ஒரு பெண் வந்தாள். புதிதாகக் கல்யாணமானவள் என்பது அவள் நிமிஷத்துக்கு ஒருதரம் கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டதிலேயே தெரிந்தது. கைக்குட்டையைப் பிரித்து ஒரு மோதிரத்தை மேஜைமேல் வைத்தாள். இரண்டு பக்கமும் கூராக, நடுவில் அகன்று, படகு மாதிரி நீண்ட வைரம்.

"இது நல்ல கல்லான்னு சொல்வீங்களாமே. என் ரவுண்டு கம்மலுக்குக் குடுத்த பேப்பர்ல வெட்டுக்கு மார்க் போட்டிருந்தாங்க. இந்த மாதிரி நீளக் கல்லுக்கு மட்டும் ஏன் போடறதில்ல?"

மூத்தவளுக்கு இப்படிக் கேட்கிறவர்களை ரொம்பப் பிடிக்கும்.

"ரவுண்டு கல்லு பள்ளிக்கூடத்துப் பரீட்சை மாதிரிங்க. எல்லாருக்கும் ஒரே கேள்வி, மார்க் போட்டுடலாம். நீளக் கல்லு ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. கண்ணாலதான் பார்க்கணும்."

"என்ன பார்ப்பீங்க?"

"நீளம் அகலத்தைப்போல ரெண்டு மடங்கு வந்தா படகுக்கு லட்சணம். குறைஞ்சா குண்டாத் தெரியும், கூடினா ஊசியாயிடும். அப்புறம் ரெண்டு நுனியும் ஒரே நேர்க்கோட்டுல நிக்குதா, குறுக்கே மடிச்சா பாதியும் பாதியும் சரியா உட்காருமான்னு பார்ப்பேன். கடைசியா நடுக்கறுப்பு."

"கறுப்பா? வைரத்துலயா?"

"இந்த மாதிரிக் கல்லு எல்லாத்துலயும் வயித்துக்குக் குறுக்கே கொஞ்சம் இருட்டு விழும். பட்டாம்பூச்சி இறக்கை விரிச்சாப்ல இருக்கும். லேசா இருந்தா கல்லு ஆட ஆட மின்னும். அப்பிக்கிட்டு இருந்தா, எவ்வளவு சுத்தமான கல்லா இருந்தாலும் செத்த கல்லுதான்."

பேசிக்கொண்டே லென்ஸைக் கண்ணில் வைத்தாள். வெள்ளை நிறம், நல்ல பளபளப்பு, கறுப்பும் லேசுதான். ஆனால் அந்தக் கறுப்பு நடுவில் இல்லை. மயிரிழை அளவுக்கு ஒரு நுனியின் பக்கம் ஒதுங்கி இருந்தது. மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தாள், விளக்கை மாற்றிப் பார்த்தாள். கறுப்பு நகரவில்லை. அளந்தாள். நீளம் பதினொன்று புள்ளி நாலு மில்லிமீட்டர், அகலம் ஆறு. குறுக்கே மடித்தால் ஒரு பாதி நீளம், ஒரு பாதி குட்டை.

"என்னங்க, மோசமா?"

"மோசமில்ல. ஆனா இப்படி ஒருத்தர் வேணும்னு வெட்ட மாட்டாங்க. யார் மோதிரம் இது?"

"மாமியாரோடது. அவங்க இதைத் தொடவே மாட்டாங்க. 'அது நம்ம கல்லே இல்ல, எவனோ மாத்திட்டான், வேணும்னா நீ போட்டுக்கோ'ன்னு தூக்கிக் குடுத்துட்டாங்க. எந்தக் கடைன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

மூத்தவள் மோதிரத்தின் உட்புறத்தைப் பார்த்தாள். அங்கே இந்தக் கடையின் முத்திரை இருந்தது.

மோதிரத்தை மேஜைமேல் வைத்துவிட்டாள். புகார் சொன்ன அந்த அம்மாளின் பழைய கல்லை இந்தப் புது மோதிரத்தில் பதித்தது அவள்தான். இருபத்திரண்டு வயதில், அவள் பதித்த முதல் படகுக் கல். அதுமட்டுமா? புகார் வந்த அன்று, "நீதானே பதிச்சே, பார்த்துச் சொல்லு" என்று அந்த அம்மாள் மோதிரத்தை நீட்டினபோது, ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் பட்டென்று சொன்னவளும் அவள்தான். "நான் பதிச்ச கல்லு இது இல்ல. அது இன்னும் நீளம்." எடை போட்டார்கள். ஏழு சென்ட், அதாவது ஒரு காரட்டில் நூற்றில் ஏழு பங்கு, குறைந்தது. அப்புறம் யாரும் சித்தப்பாவின் பேரை வாயால் சொல்லவில்லை. எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 'பொண்ணுக்கு என்ன கண்ணுய்யா' என்று தெருவே பேசியது. இன்றைக்கு அவள் சாப்பிடும் சாப்பாடு அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது.

மோதிரத்தை நாளைவரை வைத்துக்கொள்ளக் கேட்டு, ரசீது எழுதிக் கொடுத்து, அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, பின்னறைக்குப் போனாள்.

இந்தக் கடையில் ஒரு வழக்கம். உள்ளே வருகிற ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அட்டை உண்டு. மேல் வரியில் நீளம், அகலம், எடை. கீழே கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஒரு படம். கல்லுக்குள் இருக்கும் பிறவிக் குறைகளைச் சிவப்பு மையில் அந்தப் படத்தில் குறிப்பார்கள். ஒரு மனிதனுக்குக் கைரேகை போல, ஒரு வைரத்துக்கு அந்தக் குறைகள். இன்னொரு கல்லில் அதே இடத்தில் அதே மாதிரி வராது. ஆனால் மேல் வரியிலேயே கணக்கு இடித்துவிட்ட பிறகு சிவப்புப் புள்ளிகளை யார் பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. கண்ணுள்ள பெண்ணும் பார்க்கவில்லை.

தகரப் பெட்டியில் அந்த வருஷத்து அட்டை இருந்தது. அப்பாவின் கையெழுத்து. நீளம் பன்னிரண்டு, அகலம் ஆறு. படத்தில், மேல் நுனியிலிருந்து 'நாலு மில்லிமீட்டர்' என்று குறித்து, இரண்டு சிவப்புப் புள்ளிகள், நடுவில் இறகு மாதிரி ஒரு கீற்று.

கல்லைக் கழற்றிச் சாமணத்தில் பிடித்து, லென்ஸுக்குக் கீழே கொண்டுவந்தாள். இரண்டு புள்ளிகள். நடுவில் இறகு மாதிரி ஒரு கீற்று. மேல் நுனியிலிருந்து அளந்தால் நாலு மில்லிமீட்டர்.

மூன்று தரம் அளந்தாள். மூன்று தரமும் நாலுதான். கல் மாறவே இல்லை. அதே கல்தான், கீழ் நுனியில் மட்டும் புள்ளி ஆறு மில்லிமீட்டர் தேய்க்கப்பட்டிருந்தது. அதனால்தான் நீளம் குறைந்தது, எடை குறைந்தது, நடுவில் இருந்த கறுப்பும் நடு தவறிப் போனது.

கல்லையும் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

அப்பாவுக்கு எழுபத்தொன்று. கண்ணில் புரை எடுத்த பிறகு வேலையில் கை வைப்பதில்லை, பதினொரு மணிக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மூத்தவள் அட்டையையும் கல்லையும் பேப்பரின் மேலேயே வைத்தாள்.

"இது என்னப்பா?"

அவர் பார்த்தார். பேப்பரை மடித்தார். மடித்ததையே இன்னொரு தரம் மடித்தார்.

"யார் கொண்டுவந்தா?"

"அதுவா முக்கியம்? நுனியைத் தேய்ச்சது யாரு?"

"கதவைச் சாத்தும்மா."

சாத்தினாள்.

"நீ பதிச்சு முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டே. நான் மோதிரத்தைக் கழுவி எடுத்துப் பார்த்தேன். கீழ் நுனி உடைஞ்சிருந்தது. கல்லைக் கவ்வற பிடியை வளைக்கும்போது நேரா நுனி மேலயே அழுத்திட்டே. படகுக் கல்லுக்கு உயிர்நிலையே அந்த ரெண்டு நுனிதான். அங்க பிடி தொடணும், அழுத்தக் கூடாது. நான் பத்து தரம் சொல்லியிருக்கேன்."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? அடுத்தவங்க கல்லை என் பொண்ணு உடைச்சிட்டான்னா? அப்புறம் உன் கையில யாராவது கல்லைக் குடுப்பாங்களா? சாயங்காலமே கல்லைக் கழற்றி, பட்டறைக்கு எடுத்துட்டுப் போய், உடைஞ்ச இடத்தைத் தேய்ச்சுக் கூராக்கி, நானே திரும்பப் பதிச்சேன். அரை மில்லிமீட்டரை யார் கவனிக்கப் போறான்னு நினைச்சேன். அந்தம்மா விரல்ல போட்டதுமே கண்டுபிடிச்சிட்டா. இருபது வருஷம் விரல்ல கிடந்த கல்லு, தெரியாதா?"

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ சொல்லிட்டே, 'இது நான் பதிச்ச கல்லு இல்ல'ன்னு. நாலு பேர் முன்னால. அதுக்கப்புறம் நான் என்ன பேசினாலும் உன் தலையிலதான் விடியும். கொஞ்ச நாள்ல அடங்கிடும்னு பார்த்தேன். அடங்கல."

"சித்தப்பாவைப் பார்க்கலையாப்பா நீங்க? அவர் உங்க தம்பி."

"நீ என் பொண்ணு."

இதைச் சொல்லிவிட்டு அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாசத்தினால் செய்த காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்துக்கு இன்னொருவன் பதினாலு வருஷம் தன் பேரை இழந்து வாடகை கட்டியிருக்கிறான். மூத்தவளுக்கு அப்பாவைப் பார்க்க அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே என்பதும் தெரிந்திருந்தது.

"கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

"இன்னைக்கா? நெஞ்சைத் திறக்கப் போறாங்க அவனுக்கு. இந்த நேரத்துல போய் இதைச் சொன்னா தாங்குவானா? ஆபரேஷன் முடியட்டும். எழுந்து உட்காரட்டும்."

"எழுந்திருக்கலேன்னா?"

அப்பா மடித்த பேப்பரை மறுபடியும் பிரித்தார்.

"சொல்லுங்கப்பா. எழுந்திருக்கலேன்னா திருடனாவே போகட்டுமா?"

"நான் வரல," என்றார் அப்பா. "என்னால அவன் முகத்தைப் பார்க்க முடியாது. நீயும் போகாதேம்மா. இந்தக் கடையையே மூடணும்னு ஆயிடும்."

அவள் கல்லை அட்டையோடு சேர்த்து ஒரு உறையில் போட்டாள். மத்தியானம்வரை கடையில்தான் இருந்தாள். அப்பா சொன்னதில் பொய்க்கு நடுவே ஒரு நிஜமும் இருந்தது. அதிர்ச்சியில் சித்தப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் சொல்லப் போவது அவருக்காகவா, என் நெஞ்சு பாரம் இறங்கவா? இப்படியே போட்டுக் குழப்பிக்கொண்டு மூன்று கல்லுக்குத் தப்பாக எடை எழுதினாள். கடைசியில் இரண்டே முக்காலுக்கு எழுந்துவிட்டாள். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை, போகாதே என்று மறுபடி சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரி மூன்றாவது மாடி. நீளமான நடை, இரண்டு பக்கமும் பச்சைத் திரைகள். கடைசித் திரைக்குப் பின்னால் சித்தப்பா படுத்திருந்தார். ஆளே பாதியாகியிருந்தார். உருட்டிக்கொண்டு போக வேண்டிய கட்டிலில் ஏற்கெனவே மாற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். சித்தி மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறாள் என்றாள் நர்ஸ். "பத்து நிமிஷத்துல எடுத்துட்டுப் போயிடுவோம்மா, சீக்கிரம் பேசுங்க."

"மூத்தவளா?" என்றார் சித்தப்பா. "வயசாயிடுச்சேடி உனக்கு."

"உங்களுக்கு மட்டும் ஆகலையாக்கும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் பாதியாகவில்லை. பத்து நிமிஷத்தில் அழுவதற்கு இடமில்லை. கட்டிலோடு குனிந்து, கோர்வையாக எல்லாவற்றையும் சொன்னாள். நுனி உடைந்ததை, அப்பா தேய்த்ததை, தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை. சித்தப்பா மேலே ஓடுகிற குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த நுனி?" என்று கேட்டார்.

"கீழ் நுனி, சித்தப்பா."

"எவ்வளவு போச்சு?"

"புள்ளி ஆறு."

"புள்ளி ஆறு மில்லிமீட்டர்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விரல் இரண்டையும் லேசாகச் சேர்த்து அந்த அளவைக் காட்டிப் பார்த்தார். இடைவெளியே தெரியவில்லை. "உள்ளே இருந்த ரெண்டு புள்ளி?"

"அப்படியே இருக்கு. அட்டை கொண்டுவந்திருக்கேன், பாருங்க."

"கண்ணாடியைக் கழட்டி வாங்கிட்டாங்க. நீ பார்த்தியில்ல, போதும்."

"என்னை மன்னிச்சிடுங்க சித்தப்பா."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்தது அந்தப் பார்வையில். இருக்கத்தானே வேண்டும்.

"அதை இப்ப கேட்காதே. இப்ப சொன்னா ஆபரேஷனுக்குப் பயந்துகிட்டுச் சொன்னாப்ல இருக்கும். பொழைச்சு வந்தா உன்னையும் உங்கப்பனையும் சேர்த்து வச்சுத் திட்டணும், நிறைய இருக்கு." மூச்சு வாங்கியது. "நீ உங்க சித்திகிட்ட சொல்லு."

"சித்திகிட்டயா? அவங்களுக்குத் தெரியாதா நீங்க எடுக்கலேன்னு?"

"அவ பதினாலு வருஷமா என்னை மன்னிச்சுக்கிட்டே இருக்காடி. தினம் தினம். சோறு போடும்போது, துணி துவைக்கும்போது. முடியல என்னால. மொதல்ல அவகிட்ட சொல்லு."

திரை விலகியது. இரண்டு பேர் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடையின் கடைசியில் இருந்த இரட்டைக் கதவு திறந்து, அவரை வாங்கிக்கொண்டு, மூடியது. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு நிமிஷம் கழித்து லிப்ட் திறந்து சித்தி வந்தாள். கையில் மருந்துப் பை. கட்டில் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள், அப்புறம் மூத்தவளைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போயிட்டாங்களா? நாலு மணின்னாங்களே!"

"இப்பதான் சித்தி. உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"நீ ஏன் வந்தே? உங்கப்பா அனுப்பினாரா?"

"இல்ல. சித்தப்பா கல்லை மாத்தல சித்தி. கல்லு மாறவே இல்ல. அதே கல்லுதான். நான் பதிக்கும்போது நுனியை உடைச்சிட்டேன், அப்பா தேய்ச்சு மறைச்சிட்டார். பாருங்க, இது அன்னைக்கு எழுதின அட்டை. இதோ கல்லு."

சித்தி அட்டையைப் பார்க்கவில்லை. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவர் எடுக்கலையா?"

"எடுக்கல."

"நிச்சயமா?"

"என் கண்ணால பார்த்தேன் சித்தி."

"உன் கண்ணு," என்றாள் சித்தி. அந்த ஒரு சொல்லில் எவ்வளவு கசப்பைச் சேர்த்துவைக்க முடியுமோ அவ்வளவும் இருந்தது. மூத்தவள் தலை குனிந்துகொண்டாள்.

சித்தி பேச ஆரம்பித்தாள். மூத்தவளிடம் பேசுவதாகவே தெரியவில்லை.

"வீடு முழுக்க அந்தக் கல்லைத் தேடினேன். அரிசி டப்பாவைக் கொட்டினேன். தலையணையைக் கிழிச்சேன். அவர் அந்த மூலையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். 'நான் எடுக்கலடி, எடுக்கலடி'ன்னு ரெண்டு வருஷம் சொன்னார். அப்புறம் சொல்றதை நிறுத்திட்டார். நிறுத்தினதும், சரி, ஒத்துக்கிட்டார்னு நினைச்சேன். பரவாயில்ல, தப்பு செய்யாதவன் யாரு, நாமதான் பொறுத்துப் போகணும்னு இருந்தேன். ரொம்ப நல்லவளா இருந்தேன்."

"சித்தி..."

"இன்னைக்குக் காலைல கேட்டேன். 'கத்தி வைக்கப் போறாங்க. உள்ளே போறதுக்கு முன்னாடி என்கிட்டயாவது உண்மையைச் சொல்லிட்டுப் போங்க, என் மனசு ஆறும்'னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், 'ஆமாடி, நான்தான் எடுத்தேன்'னார்."

மருந்துப் பை மடியிலிருந்து நழுவி விழுந்தது. சித்தி எழுந்து நடையின் கடைசிக்குப் போனாள். முதலில் நடந்தாள், அப்புறம் ஓடினாள். இரட்டைக் கதவில் உள்ளங்கையை வைத்துத் தட்டினாள். ஒரு நர்ஸ் பதறிப்போய் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, உள்ளே விடமாட்டோம். மயக்க மருந்து குடுத்தாச்சு."

"ஒரே ஒரு வார்த்தைம்மா. எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்."

"அவருக்குக் கேட்காதும்மா இப்போ."

சித்தி கையை எடுக்கவில்லை. மறுபடியும் தட்டினாள்.